முப்பத்தொன்றாம் குழாய்

கேன்டீன்காரருக்கு ஊசி என்றால் உயிர் போய் உயிர் வரும். ஆள் ஆறடி. கொதிக்கிற பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைப்பவர். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நின்றபோது நடுவில் போய் நின்று விலக்கியவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ரத்தம் எடுக்கும் அறையில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, ரப்பர் பட்டையைக் கட்டியதும் எழுந்து போய்விட்டார். போனவர் போனவர்தான். கட்டிய பட்டையோடு போய்விட்டார்.

ரத்தம் எடுப்பவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் கொசுக்கா என்று பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, இப்போது அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. யார் கையை நீட்டினாலும், "வலிக்கவே வலிக்காது, அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். அவர்கள் அந்தப் பக்கம் பார்த்துத் திரும்புவதற்குள் பஞ்சை வைத்து அமுக்கியிருப்பாள். கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள்.

சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சங்கடம் உறைத்தது. அன்று மதியம் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களையெல்லாம் உறைபனிப் பெட்டியில் அடுக்கிப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். முப்பத்தொன்றாம் குழாய் காலியாக இருந்தது.

ஆராய்ச்சி ஈரலைப் பற்றியது. உடம்பு தன் ஈரலுக்குள் இருக்கும் பித்தக் குழாய்களையே எதிரி என்று நினைத்து மெல்ல மெல்ல அழித்துவிடுகிற ஒரு நோய் உண்டு. பல பேருக்கு அது தெரியவரும்போது ஈரல் கெட்டுப் போயிருக்கும். முன்னாடியே தெரிந்தால் மாத்திரையிலேயே கட்டுப்படுத்தி வைக்கலாம். அதை முன்னாடியே காட்டிக்கொடுக்கிற ஒரு புரதம் ரத்தத்தில் இருக்கிறதென்று பெரிய டாக்டர் நான்கு வருடமாக அதன் பின்னாலேயே அலைகிறார். கல்யாணம் காட்சி என்று எதற்கும் போகாத அம்மாள். நோயாளிகள் கிடைத்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. நோய் இல்லாதவன் எதற்காக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப் போகிறான்? ஆகவே இப்படிப்பட்ட எல்லா இடங்களிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. வேலை பார்ப்பவர்களையே பிடித்து உட்கார வைத்தார்கள். காவலாளி கொடுத்தார், நூலகர் கொடுத்தார், கொசுக்காவும் கொடுத்தாள். அவளுடைய குழாய் பன்னிரண்டாவது. ஆரோக்கியமானவர்களின் குழாய்க்குப் பச்சைச் சீட்டு, நோயாளிகளின் குழாய்க்கு மஞ்சள் சீட்டு, அதன் மேல் எண். பெயர் எங்கும் கிடையாது. எந்த எண் யாருடையது என்பது உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் பூட்டியிருந்தது.

உறைபனிப் பெட்டியை எடுத்துப்போகிறவன் வாசலில் வந்து நின்றுவிட்டான். கொசுக்கா கதவைச் சாத்தினாள். இடது கையில் வேறொரு பட்டையைக் கட்டி, வலது கையால் தானே குத்தி, தன் ரத்தத்தை இன்னொரு முறை எடுத்தாள். முப்பத்தொன்று என்ற பச்சைச் சீட்டை ஒட்டினாள். நல்ல ரத்தம்தானே, யாருடையதாக இருந்தால் என்ன, கணக்கு நிரம்பினால் சரி என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சாயங்காலம் கேன்டீன்காரரிடம் போய், நான் பார்த்துக்கொண்டேன், வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ரப்பர் பட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் அவளுக்குப் போட்ட டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் கிடந்தது.

அதோடு அதை மறந்தும் போனாள். அவளுக்கு அப்போது வேறு தொல்லை. சில மாதங்களாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்துக்கொண்டே இருந்தன. கையுறைக்குள் இருக்கும் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு கையுறை வரவழைத்தாள். சோப்பை மாற்றினாள். அப்படியானால் கால் ஏன் அரிக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, கால் எப்போதும் கையைப் பார்த்துத்தான் கெட்டுப்போகும் என்று சொல்லி அவர் வாயை அடைத்தாள். மாடி ஏறினால் அசதியாக வந்தது. வயசாகிறது, வேறென்ன என்று விட்டுவிட்டாள். ஊரார் உடம்பில் ஊசி குத்துகிறவளுக்குத் தன் உடம்பைப் பற்றி நினைக்க நேரம் ஏது?

முடிவுகள் வந்தன. கூட்ட அறையில் புள்ளிவிவரக்காரன் சுவரில் படத்தைப் போட்டுக் காட்டினான். எதற்கெடுத்தாலும் சராசரியாகப் பார்த்தால் என்று ஆரம்பிப்பதால் அவனுக்குச் சராசரி என்றே பெயர். பச்சைப் புள்ளிகள் கீழே, மஞ்சள் புள்ளிகள் மேலே. பெரிய டாக்டர் ஆசைப்பட்டது அப்படியே இருந்தது. ஆனால் மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே இரண்டு பச்சைப் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஆரோக்கியமானவர்கள் என்று நாம் எடுத்தவர்களில் இரண்டு பேருக்கு அந்த நோய் தொடங்கியிருக்கலாம் என்றான் சராசரி. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பேரையும் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுங்கள் என்றார். உண்மையிலேயே நோய் இருந்தால், யாருக்கும் தெரியாததை இந்தப் புரதம் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்று வந்தால் இது ஆளுக்குத் தகுந்தபடி பொய் சொல்கிறது என்று அர்த்தம், நான்கு வருட வேலையும் குப்பைக்கூடைக்குத்தான். எந்த எண்கள் என்று கேட்டார்.

"பன்னெண்டு, முப்பத்தொண்ணு," என்றான் சராசரி.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கொசுக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரில் நின்ற அந்த இரண்டு புள்ளிகளும் அவள்தான். அது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருக்கிறோம் என்பதையே அவள் அப்போதுதான் கவனித்தாள். பயந்தாள். வேலை போய்விடும் என்று ஒரு பயம், ஈரல் போய்விடும் என்று ஒரு பயம். எது பெரியது என்று கேட்டிருந்தால் அந்த நிமிடத்தில் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வேலை முடிந்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாக வந்ததும் ஊர்க்கதை பேசுகிறவள் வாயே திறக்கவில்லை. அவர் ஒரு கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டே, என்ன, இன்றைக்கு ரத்தம் கிடைக்கவில்லையா என்று கிண்டல் செய்தார். அதற்கும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். தலைவலி என்றாள். வெளியூரில் படிக்கிற மகள் போன் செய்தபோதும் அதையே சொன்னாள்.

மறுநாள் காலை அவள் அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே கேன்டீன்காரர் வாசலில் நின்றிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. அலுவலகத்தில் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்களாம், ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும் என்று சொன்னார்களாம். வீட்டில் சொல்லி, வீடே அழுது, அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் வந்திருக்கிறார்.

"ரத்தமே குடுக்காதவனுக்கு எப்படி தங்கச்சி வியாதி வரும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. அது என் ரத்தம்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவள் சொன்னதன் மறுபாதி அவருக்குப் புரிந்தது. பிறகு அந்த மனிதர் யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தார். சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"இப்ப என்னுதை எடுத்துக்கோ. நல்ல ரத்தமா வரும். முதல்ல ஏதோ தப்பா காட்டிருச்சுன்னு விட்டுருவாங்க. உன் பேரும் கெடாது. உன்னுதை நீ தனியா பாத்துக்கலாம்."

கொசுக்கா அந்தக் கையைப் பார்த்தபடி நின்றாள். அவர் சொல்வது சரிதான், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அவளுக்கு வைத்தியமும் நடக்கும், வேலையும் நிலைக்கும். ஆனால் முப்பத்தொன்று நோய் என்று காட்டிவிட்டு மறுபடி பார்த்தால் ஒன்றுமில்லை என்று வந்தால், புரதம் பொய் சொல்கிறது என்றுதான் எழுதுவார்கள். அது பொய் சொல்லவில்லை என்பது அவளுடைய உள்ளங்கைக்குத் தெரியும். இனிமேல் அது யாருக்கு எதைக் காட்டிக்கொடுத்தாலும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எங்கோ ஒருத்தி சோப்பை மாற்றிக்கொண்டே இருப்பாள்.

அவருடைய சட்டைக் கையை அவளே இறக்கிவிட்டாள். போய் அடுப்பைப் பற்ற வையுங்கள் என்றாள்.

பெரிய டாக்டரின் அறையில் சராசரியும் இருந்தான். அவன் இருந்தால் இருக்கட்டும் என்று அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. கேன்டீன்காரர் எழுந்து போனது, கதவைச் சாத்தியது, சீட்டை ஒட்டியது. பெரிய டாக்டர் ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ரெண்டும் உங்க ரத்தமா?"

"ஆமா டாக்டர்."

"இதுக்கு என்ன பேருன்னு தெரியுமா?"

"தெரியும். மோசடி."

பெரிய டாக்டர் மேசையைப் பார்த்தார். இனிமேல் நீங்கள் இந்த ஆராய்ச்சிக்காக யாருக்கும் ஊசி போடக் கூடாது என்றார். முப்பத்தொன்றை நீக்க வேண்டும், காரணத்தோடு மேலே எழுத வேண்டும், விசாரணை வந்தால் வரும் என்றார். குரல் உயரவே இல்லை. கொசுக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சராசரி அதுவரை தன் கணினியில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க ஒரு தடவை மட்டும் குடுத்திருந்தா நான் அதைத் தூக்கிப் போட்டிருப்பேன்," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். ஆரோக்கியமானவர்களில் ஒரே ஒருவர் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நின்றால், குழாயில் கோளாறு என்று வைத்துக்கொண்டு கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆராய்ச்சி தொடங்கும் முன்பே எழுதி வைத்த விதி அது. யாரையும் கூப்பிட மாட்டார்கள், யாருக்கும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் விலகி நின்றால்தான் என்ன ஏதென்று விசாரிக்க வேண்டும். அந்த விதியை எழுதியவனே அவன்தான். அதைச் சொல்லும்போது அவனுக்கு வியர்த்திருந்தது.

பெரிய டாக்டர் எழுந்து வந்தார். கொசுக்காவின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் இருந்த நகக்கீறல்களைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் அழைத்துப் போய்க் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா சொறியறீங்க?"

"கிளவுஸ் பவுடர்னு நினைச்சேன் டாக்டர்."

"நாலு வருஷமா இந்த வியாதிக்காரங்களுக்கு ரத்தம் எடுக்கறீங்க. அரிக்குதுன்னு எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க?"

எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.

சோதனைகள் செய்தார்கள். நோய் இருந்தது. தொடக்கம்தான், ஈரல் கெடவில்லை, நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றார்கள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கால் கையைப் பார்த்துக் கெட்டுப்போனதாகச் சொன்னாயே என்று மட்டும் கேட்டார். பிறகு கடையைப் பூட்டினார். விசாரணையும் வந்தது. வேலை போகவில்லை, ஊசிதான் போயிற்று. குழாய்களுக்குச் சீட்டு ஒட்டி அடுக்குகிற அறையில் அவளைப் போட்டார்கள். ஆராய்ச்சி அறிக்கையில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. சேகரித்த முறையில் தவறு இருந்ததால் ஒரு மாதிரி நீக்கப்பட்டது என்று.

ஆராய்ச்சியின் அடுத்த சுற்றுக்கு ரத்தம் கொடுக்க முடியுமா என்று பெரிய டாக்டர் அவளைக் கேட்டார். சரி என்றாள். தன் பழைய அறைக்குப் போய், இத்தனை வருடம் மற்றவர்களை உட்கார வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். புதிதாக வந்திருந்த நர்ஸ் பெண் படபடப்பில் ஊசியை எடுத்து வைத்து, குழாயை எடுத்து வைத்து, நிலையத்து ஆள்தானே என்று பச்சைச் சீட்டைக் கிழித்தாள்.

"அது இல்லம்மா. மஞ்சள்," என்றாள் கொசுக்கா.

பெண் மஞ்சள் சீட்டைத் தேடி எடுத்தாள். ஊசி இறங்கியது. கொசுக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் கேன்டீன்காரர் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. முப்பத்தொன்று காலியாகக் கிடக்கிறதென்று கேள்விப்பட்டுத் தானாகவே வந்து பெயர் கொடுத்திருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். பட்டை கட்டிய கையை நாற்காலியின் கைப்பிடியில் வைத்திருந்தார். இன்னொரு கையால் கொசுக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, வலிக்குமா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"வலிக்கும் அண்ணே," என்றாள். "கையை மட்டும் எடுத்துடாதீங்க."

அவர் எடுக்கவில்லை.