ஒன்பது மணித் திட்டு

என் வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. விடிந்த பிறகு வீட்டுக்கு வருவார், காலை ஒன்பது மணிக்குப் படுப்பார். அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். எல்லாம் தொழிற்சாலை டாக்டரம்மா ஒரு தாளை நீட்டும் வரைக்கும்தான்.

ராத்திரி வேலைக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்த தாள் அது. படுக்கும் முன் டீ கூடாது, படுக்கையில் போன் கூடாது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட வேண்டும், முக்கியமாக வீட்டில் சத்தமே கூடாது. நான் ஒன்றைச் செய்தால் ஒழுங்காகச் செய்கிறவள். கதவுக்கு எண்ணெய் விட்டேன், கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன், குக்கரைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே விசிலடிக்க விட்டேன். என் வாயையும் கட்டிக்கொண்டேன். அதுதான் பெரிய பாடு.

அவ்வளவு செய்தும் மனிதர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தார். ஒரு வாரம். எட்டாம் நாள் அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து, முந்நூறு ரொட்டியைக் கரியாக்கிவிட்டார். "இன்னொரு தடவை கருகிச்சுன்னா நீங்க வீட்லயே நிம்மதியா தூங்கலாம்" என்று மேனேஜர் சொல்லி அனுப்பினாராம். மிச்சமிருந்த சத்தங்களையும் ஒழித்தேன். தண்ணீர் குடித்தால்கூட மெதுவாக விழுங்கினேன்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டை மெத்தையில் போட்டார். அதுவும் நான் படுக்கிற பக்கம். ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது.

"ஈரத் துண்டை மெத்தையில போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? கொடி கட்டியிருக்கேனே, அது என்ன அலங்காரத்துக்கா? உங்க தம்பி கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான்..."

"ம்" என்றார். கல்யாண மண்டப வாசலுக்குக்கூட நான் போய்ச் சேரவில்லை, குறட்டை வந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து சோம்பல் முறித்தார். "அப்பாடா, என்னமா தூக்கம்!"

"நான் பேசுனது எது வரைக்கும் காதுல விழுந்துச்சு?"

"துண்டு வரைக்கும்."

"தெனமும் இப்படித்தானா?"

தலையைச் சொறிந்தார். "மொத விஷயம் வரைக்கும் கேட்பேன். அப்புறம் உன் சத்தம் மட்டும் சுகமா ஓடிட்டிருக்கும்."

பன்னிரண்டு வருஷமாக, தினமும் ஒன்பது மணிக்கு! தேதி சொல்லி, சாட்சி சொல்லி, ஆதாரத்தோடு நான் பேசியதெல்லாம் தலையணைக்குத்தான் போயிருக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமே உங்ககிட்ட வாயே திறக்க மாட்டேன், பாருங்க" என்றேன்.

"ஐயய்யோ, வேலை போயிடும்!" என்று அலறினார்.

மறுநாள் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் புரண்டார், இந்தப் பக்கம் புரண்டார். பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். "ஏதாவது சொல்லேன். நேத்து தம்பி கல்யாணத்த பாதியில விட்டியே." கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பாவமாகிவிட்டது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். தம்பி கல்யாணம், கிழிந்த சட்டை, தொலைத்த குடை. குறட்டை வந்தது. நிறுத்தினால் விழித்துவிடுவாரோ என்று பயம். திட்டவோ விஷயம் தீர்ந்துவிட்டது. எப்படியும் காதில் விழப்போவதில்லை என்று, அதே குரலில் மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"ரொட்டி போனா போகுது. வேலைகூடப் போனா போகுது. அந்த நெருப்புல தூங்கி விழுந்து உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா, நான் யாரப் போய்த் திட்டுவேன்?"

குறட்டை நின்றது.

"அப்புறம்?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "அப்புறமாவது ஒண்ணாவது! பேசாம தூங்குங்க. இன்னிக்கும் துண்டு மெத்தையிலதான் கெடக்கு, ஒங்கள..."

தூங்கிவிட்டார். துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து, மனசில் இருந்த மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.