தலைகீழ்ப் பூக்கள்

எங்கள் பட்டறையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலுக்குப் பூ ஏற்றுகிறோம். முந்நூறு வருடப் பழைய துணி ஒன்றில் இருந்த பூங்கொடியை அப்படியே தாளில் அச்சடித்து அனுப்புவார்கள். அதைப் பாட்டிலில் இறுக்கிச் சுற்றி, சூட்டு அடுப்பில் வைத்து எடுத்து உரித்தால் பூ ஒட்டிக்கொள்ளும். கொடி மேல்நோக்கி ஏற வேண்டும். அசந்துபோய்த் தாளைத் தலைகீழாகச் சுற்றிவிட்டால் அது கழிவு. வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தலைகீழ் என்பது எங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் பூதான்.

அப்படி நான் கெடுத்த ஒன்றை, பக்கத்து மேஜையில் வேலை செய்யும் என் அக்கா கொண்டுபோனாள். அவள் புருஷனை அத்தான் என்று கூப்பிடுவது என் தலையெழுத்து. அதே மாதிரிப் பாட்டிலை அவர் பெரிய கடையின் கண்ணாடிக்குள் பெரிய விலையோடு பார்த்திருக்கிறார். சந்தேகப்படக் காரணம் தேடும் ஆளுக்கு அது போதாதா? மறுநாள் அக்கா வீங்கிய உதட்டோடு வேலைக்கு வந்தாள். பின்னாலேயே அவரும் வந்தார், கையில் பாட்டிலோடு.

"இதை எவன்டா இவளுக்குக் குடுத்தான்?"

"கழிச்சுப் போட்டதுப்பா," என்றார் மேஸ்திரி. "பூவெல்லாம் தலைகீழா இருக்கு பாரு." நல்ல பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அத்தான் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான். என் காதுல பூ சுத்தறியா?"

பாட்டிலாலேயே மேஸ்திரியின் வாயில் அடித்தார். பல் தெறித்தது. அடுத்து அக்காவின் கொண்டையைப் பிடித்து, தலையை மேஜை விளிம்பில் மோதினார்.

"நான்தான் கெடுத்தேன் அத்தான், அக்காவை விடுங்க."

மறுபடி மோதினார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. கையுறை போட்டிருந்தேன்; அடுப்பிலிருந்து எடுத்த பாட்டிலை அப்படியே அவர் காதோடு சேர்த்து இறக்கினேன். தோல் பொசுங்கிய நாற்றம் வந்தது. சொல்ல வெட்கமில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் சரிந்தார். முனகிக்கொண்டே அக்காவின் காலைப் பிடித்திழுக்கக் கையால் துழாவினார்.

அக்கா நெற்றி ரத்தத்தைத் துடைத்தாள். "இவரு எந்திரிச்சா என்னைக் கொன்னுடுவாருடி."

"போலீசுக்குப் போலாம்க்கா."

"போன தடவை போயிட்டு வந்ததுக்குத்தான் கையை ஒடிச்சாரு."

என் கையுறைகளை உருவித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். அடுப்பைத் திறந்து அடுத்த பாட்டிலை எடுத்தாள். மேஸ்திரி வாயைப் பொத்தியபடி போய் ஷட்டரை இறக்கினார்.