பூட்டிய வீட்டில் ஏழு பேர்

காலை பத்து மணிக்கு மேட்டுத் தெருவில் ஏறிய டீச்சருக்கு மூச்சு வாங்கியது. பள்ளிக்கூட விடுமுறையில் வீடு வீடாகப் போய் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். முதல் வீடு பூட்டு. இரண்டாவதும் பூட்டு. இடையிடையே கூரை இல்லாத, இடிந்த சுவர்கள் வேறு. பன்னிரண்டாவது வீட்டுக்கு வருவதற்குள் கிட்டே போய்ப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தூரத்திலிருந்தே பூட்டைப் பார்த்து, 'காலி' என்று எழுதிக்கொண்டே நடந்தார். நாற்பது வீடுகளில் முப்பத்தொன்று காலி. வேலை இவ்வளவு சீக்கிரம் முடிகிறதே என்று அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

கடைசி வீடு திறந்திருந்தது. தையல்காரம்மா காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். எதிரே தையல் மிஷின் சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நாலு பேர். எழுதிக்கோங்க. அடுத்த மாசம் வந்தா அதுவும் இருக்காது. டவுன்ல என் தம்பி ரூம் பார்த்துட்டான்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"குடத்தோட சறுக்கி விழுந்தேன், கால் போச்சு. இந்த மேட்டுக்குத் தண்ணி வராது, நாமதான் இறங்கிப் போகணும். எத்தனை நாளைக்கு முடியும்? நூத்தம்பது பேர் இருந்தா குழாய் போடுவாங்களாம். போட்டா நான் எதுக்குங்க போறேன்?"

டீச்சர் தாளைப் பார்த்தார். கூட்டினால் முப்பத்தெட்டுதான் வந்தது. "தெருவே காலியா கிடக்கேம்மா. எல்லாரும் போயிட்டாங்க போல."

"யாரு சொன்னா? பக்கத்து வீட்லயே ஏழு பேர் இருக்காங்க!"

"பூட்டியிருக்கே?"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூட்டாம என்ன செய்வாங்க? ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான் கீழ ரோட்டுக் குழாய்ல தண்ணி. ஒருத்தர் வரிசையில நிக்கணும், ஒருத்தர் தூக்கணும், பிள்ளைங்க கையில ஆளுக்கொரு கேன். நல்லா எழுதினீங்க டீச்சர்! தண்ணிக்குப் போனவங்களை ஊரை விட்டே அனுப்பிட்டீங்களே!"

டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது. கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே இறங்கினார். கீழே, குழாயடியில், வளைந்து வளைந்து நின்றது அவர் காலி செய்துவிட்ட தெரு. வரிசையின் வாலிலிருந்து ஆரம்பித்து, எந்த வீடு, எத்தனை பேர் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். சாயங்காலம் மறுபடி மேடேறி, வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு சரிபார்த்தார். மொத்தம் நூற்று அறுபத்து நான்கு பேர்!

மறுநாள் மேற்பார்வையாளர் புதுத் தாளைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "பூட்டின வீட்டைக் காலின்னு போடுறதுதானே வழக்கம்? பத்து வருஷம் முன்னாடியும் அப்படித்தானே போட்டாங்க. யாரு வந்து கேட்டா?"

"அப்பவும் போட்டது நான்தான் சார்." டீச்சர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப அங்க அறுபது வீடு இருந்துச்சு. ஆளில்லைன்னு நான் எழுதினேன், குழாய் வரலை. குழாய் வராததால இருபது குடும்பம் போயிடுச்சு. அந்த இடிஞ்ச சுவரெல்லாம் நான் எழுதின எழுத்து சார்."

மேற்பார்வையாளர் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மாதம் முடிவதற்குள் அளவெடுக்க ஆட்கள் மேடேறி வந்தார்கள். அவர்கள் நாடாவை இழுத்துப் பிடிப்பதை ஜன்னல் வழியே பார்த்த தையல்காரம்மா, மிஷினின் கயிற்றை அவிழ்த்தார். தம்பிக்கு, "ரூமை வேற யாருக்காவது குடுத்துடு" என்று சொல்லியனுப்பினார்.

எட்டு மாதம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். வாசலுக்கு வாசல் குழாய். இடிந்த சுவர்களில் இரண்டுக்குப் புதுக் கூரை ஏறிக்கொண்டிருந்தது. போனவர்களில் இரண்டு குடும்பம் திரும்பியிருந்தது.

"இப்ப எண்ணினா எத்தனை வரும் டீச்சர்?" என்றார் தையல்காரம்மா, மிஷினை நிறுத்தாமலே.

"கூடத்தான் வரும். தண்ணியும் வசதியும் இருந்தா ஜனம் எதுக்கும்மா ஊரை விட்டுப் போகப்போகுது? ஒரு இடத்துல ஆள் குறைஞ்சா, அவங்க ஏன் போனாங்கன்னு முதல்ல கேட்கணும். கேட்காம காலின்னு எழுதினோம்னா, அந்த ஊரைக் காலி பண்றது நாமதான்."