வேலாயியை ஓட விடாத கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிரிப்பிலிருந்து கிடைத்தது. மலாக்கா டவுன் காப்பிக்கடையில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர் தனபாலன் இதைச் சொன்னார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'ரெம்பியாப் பக்கத்துத் தோட்டத்தில், பனி விலகாத காலைப்பொழுதில், அழகே உருவான வேலாயி' — சீ! அடித்துவிட்டேன். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த முப்பத்தொன்றாம் வருஷம் அது. அதில் அழகு என்ன வேண்டிக்கிடக்கிறது?

2

நடந்தது இதுதான். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். நோயில்லாதவன் உடம்பை வருத்தினால் ரத்தத்தில் உள்ள சர்க்கரை ஏறுமா, இறங்குமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வெறும் வயிற்றில் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பது, மேட்டில் ஏறி இறங்கி ஓடச் சொல்வது, திரும்ப வந்ததும் மறுபடி குத்துவது.

[விடியுமுன்னே பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, பாலில்லாத ஒரு வரக்காப்பியோடு மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டுகிற ஜனம். அவர்களைத்தான் ஓடிக் காட்டச் சொன்னார். இந்த அடைப்புக்குறியைப் பத்திரிகைக்காரர் வெட்டுவார். வெட்டட்டும்.]

ஆட்களைச் சேர்த்தவர் கங்காணி இருளாண்டி. "நாளைக்கு யாரும் எதையும் வாயில வைக்கக் கூடாது. ஒங்க ரத்தத்துல சீனி எம்புட்டு இருக்குன்னு தொரை பாக்கப்போறாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போன மாதம் இப்படித்தான் ஒரு டாக்டர் வந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். சத்தில்லாதவர்கள் என்று அவர் ஒதுக்கியவர்கள் அந்த வாரமே கப்பலேறினார்கள். ஆகவே ஜனங்களுக்குச் சந்தேகமே இல்லை. சீனி குறைந்தவனுக்குக் கப்பல்.

வேலாயி அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பனையும் ஆத்தாளையும் அங்கேயே புதைத்தவள். கடலைக்கூடப் பார்த்ததில்லை. பக்கத்து மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் கேட்டு வாங்கிய கூலா மலாக்காவை, அந்தக் கறுத்த தென்னைவெல்லத்தை, ஒரு முழுக் கட்டி மென்று விழுங்கிவிட்டு வரிசையில் வந்து நின்றாள்.

"ஏதாச்சும் தின்னியா?" என்று தனபாலன் கேட்டார்.

"பச்சத்தண்ணிகூட இல்லீங்க ஐயா."

(இந்தப் பொய் எனக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். பொய் போனதும் அவளுடைய பயமும் போய்விட்டது. கப்பலுக்குப் பயப்படாத கூலியை அந்த வருஷத்தில் நான் எங்கே கண்டேன்? பொய் இருக்கட்டும்.)

3

ரத்தத்தை மருந்தில் கலந்து நிறம் பார்த்த டாக்டர், நீரிழிவு என்றார். நோயாளி இந்தச் சோதனைக்கு உதவமாட்டாள். அடுத்த ஆள்.

வேலாயி கத்தினாள். "வெல்லம் தின்னேங்க! பயந்துக்கிட்டுத் தின்னுட்டேங்க! என்னைய ஓடச் சொல்லுங்க, எம்புட்டு வேணாலும் ஓடுறேன்!"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தனபாலனுக்குத் தெரியும்.

"நீங்க தொரைகிட்டச் சொல்லலியா?" என்று காப்பிக்கடையில் கேட்டேன்.

"எப்படி சார் சொல்றது? வெறும் வயித்தோட கொண்டாந்து நிறுத்துறது என் பொறுப்புலா. திட்டு எனக்குல்ல விழும்?" அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வேடிக்கை என்னான்னா, அவள ஓட விட்டிருந்தாலே போதும். நல்ல உடம்புதானே, தின்ன சீனிய தசை இழுத்துக்கும், ரத்தத்துல எறங்கிப்போயிருக்கும். வெறும் வயித்துல ஓடினவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் மாறல. குறையக் குறைய ஈரல் தன் இருப்புலேருந்து எடுத்துக் குடுத்துடுதாம்."

ஈரலுக்கு இருக்கிற இரக்கம் டிரஸருக்கு இல்லை. (நல்ல வாக்கியம்தான். அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம்.)

நோய்க்காரியைத் தோட்டம் வைத்துக்கொள்ளாது. மானேஜர் அவளையும் கப்பலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

4

அவளை ஓட வைத்து ஒரு முடிவு எழுதினேன். மேடேறி இறங்கி வருகிறாள், டாக்டர் மறுபடி குத்துகிறார், சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டர் தொப்பியைக் கழற்றி — கிழித்துப் போட்டேன். வெள்ளைக்காரன் தொப்பியைக் கழற்றுவதற்காகவா நான் கதை எழுதுகிறேன்?

இன்னொன்று: தனபாலன் மனம் கேட்காமல் டாக்டர் பின்னாலேயே ஓடி — இல்லை. அந்த ஆள் சிரித்ததைப் பார்த்த பிறகு எனக்குக் கை வரவில்லை.

அவள் என்ன ஆனாள் என்று கேட்டதற்கு, "யாரு கண்டா?" என்றார். எனவே மிச்சம் நான் இட்டுக்கட்டுவது. கப்பல் துறையில் குமாஸ்தா தலை நிமிராமல் கேட்கிறார்.

"எந்த ஊரு?"

"ரெம்பியாங்க."

"அது இல்லம்மா. இந்தியாவுல எந்த ஊரு? எங்க போகணும்?"

"தெரியாதுங்க. நான் இங்கதாங்க பொறந்தேன்."

"ஏதாச்சும் ஒரு ஊரச் சொல்லித் தொலை. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

இந்த இடத்தில் என்னால் மேலே எழுத முடியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீங்கள் ஒரு ஊர்ப் பெயர் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் சரி, அங்கே அவளுக்கு ஒருவரும் இல்லை. சீக்கிரம் சொல்லுங்கள், குமாஸ்தா காத்திருக்கிறார்.