நீலம் ஏறிய டேலியா

அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி ஹாலில் படங்களை மாட்டி முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, நாளைக்குத் திறக்கப்போகும் பூக்கண்காட்சியை இன்றைக்கே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அம்சவேணி கணவர் அழகர்சாமியோடு கீழே இறங்கி வந்திருந்தாள். மேடையை ஒட்டிய சுவர் முழுக்க அவள் எடுத்த படங்கள்தான். பாப்பி, பேன்சி, ஹாலிஹாக், நடுவில் பெரிதாக ஒரு வெள்ளை டேலியா. எல்லாவற்றுக்கும் கீழே, தமிழிலும் இந்தியிலும் தடித்த எழுத்தில் ஓர் அட்டை: ‘கண்புரையால் பார்வை மங்கிய நிலையிலும் மனம் தளராமல் திருமதி அம்சவேணி அழகர்சாமி எடுத்த படங்கள்.’ அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றுச் சுவரும் இன்னொரு அட்டையும் இருந்தன: ‘அறுவைச் சிகிச்சைக்குப் பின் எடுத்தவை – விரைவில்.’

வலது கண்ணில் புது லென்ஸ் வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அத்தனை தூரத்திலிருந்தே ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்ததுதான் வேடிக்கை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

சொசைட்டி செகரட்டரி வைத்தி வாயெல்லாம் பல்லாக வந்தார். “எப்படி இருக்கு மேடம்? என் ஆத்துக்காரி அதைப் படிச்சுட்டு அப்படியே கலங்கிட்டா.”

“யாரு இத எழுதச் சொன்னது?”

வைத்தி அழகர்சாமியைப் பார்த்தார். அழகர்சாமி மின்விசிறியைப் பார்த்தார்.

“நான்தான் குரூப்ல போட்டேன் வேணி. ஆபரேஷன் அன்னைக்கி எல்லாரும் வேண்டிக்கிட்டாங்கல்ல. படமெல்லாம் ஏன் இப்பிடி இருக்குன்னு ஜனங்களுக்கும் புரியட்டுமேன்னு...”

“எப்பிடி இருக்கு?”

அவர் கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னார். “மங்கலா இருக்குல்ல.”

முப்பது வருடம் விமானப்படையில் விமானங்களின் மீட்டர்களைப் பழுதுபார்த்தவர் அழகர்சாமி. அவருக்கு மீட்டர் முள் சரியாக நிற்க வேண்டும், இல்லையென்றால் கழற்றி வைக்க வேண்டும். நடுவாந்திரம் என்ற ஒன்றே கிடையாது. ஆனாலும் நான்கு வருடங்களுக்கு முன்பு அம்சவேணி அமைச்சக வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கைக்கு வந்த பணத்தில் நகை வாங்காமல் கேமரா வாங்கியபோது அவர் முகம் சுளிக்கவில்லை. குளிர்காலக் காலைகளில் பூங்காவின் ஈரப்புல்லில் அவள் முழங்கையை ஊன்றிப் படுத்துக் கிடக்க, இவர் மங்கி குல்லாவோடு பக்கத்தில் குந்தி, பூவின் மேல் வெளிச்சம் விழும்படி தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பார். நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தியதே இல்லை. அத்தனை காலமும் மனதுக்குள் பாவம் இவளுக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பலகையைப் பிடித்திருக்கிறார் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எனக்குப் புரைன்னு கண்டுபிடிச்சது போன வருசம். நான் நாலு வருசமா இப்பிடித்தான் எடுக்குறேன்.”

“அது ரொம்ப நாளாவே உள்ள வளந்துக்கிட்டு இருந்திருக்கும்னு டாக்டரே சொன்னாரே வேணி.”

அட்டையைக் கிழிக்கப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் அப்படிச் சொன்னது உண்மை. அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் தன் பழைய படங்களைத் திறந்தே பார்க்கவில்லை என்பதும் உண்மை. கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பாதிதான் நிஜம், மீதி பயம். டைப் அடித்தே தேய்ந்த கைக்கு அறுபது வயதில் வாய்த்தது இந்த ஒன்றுதான். அதுவும் வெறும் நோய்தானா? நேரே வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

முதலில் பாப்பி. இடது கண்ணில் இன்னும் புரை அப்படியேதான் இருக்கிறது, அதைக் கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். இதழ்கள் பாலில் நனைந்த துணி மாதிரி கரைந்து கிடந்தன, ஆனால் நடுவில் ஒரே ஒரு மகரந்தத் தண்டின் நுனி ஊசியாக நின்றது. அதன் மேல் ஒட்டியிருந்த தூளைக்கூடப் பார்க்க முடிந்தது. அவள் நினைத்த இடம் அதேதான். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடியில் சுண்டுவிரலால் ஓரம் பூராவும் வாஸ்லின் தடவி, நடுவில் மட்டும் துடைத்து வைத்துக்கொள்வாள். பிறகு கணினியில் படத்தின் மேல் அதன் பிரதி ஒன்றை மங்கலாக்கிப் பாதி தெரியும்படி போர்த்தி, கூர்மையாக இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்தப் போர்வையை அழிப்பாள். மயிரிழை பிசகினாலும் பூ கெட்டுப்போகும். பிசகவில்லை. ஹாலிஹாக்கில் பிசகவில்லை, பேன்சியிலும் பிசகவில்லை. அம்சவேணி தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு டேலியாவைத் திறந்தாள். கூர்மை சரியாகத்தான் இருந்தது. ஆனால் பூ வெள்ளையாக இல்லை. சொட்டு நீலம் அதிகமாகப் போட்டு அலசிய வேட்டி மாதிரி இருந்தது. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள், நல்ல வெள்ளை. மறுபடி வலது கண், நீலம். அவளுக்கு விளங்கிவிட்டது. வெள்ளைப் பூ பழுப்பேறித் தெரிகிறதே என்று அன்றைக்கு உட்கார்ந்து நீலத்தைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறாள். பழுப்பு பூவில் இல்லை, அவள் கண்ணில் இருந்திருக்கிறது. மற்றப் பூக்களில் நிறத்தைத் தொட வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை. கெட்டுப்போனது இது ஒன்றுதான். ஊரே மெச்சியதும் இது ஒன்றைத்தான். நிலா வெளிச்சத்தில் எடுத்ததா என்று கேட்காத ஆள் கிடையாது, கண்காட்சி அழைப்பிதழின் அட்டையில் போட்டிருந்ததும் இதைத்தான்.

டீயோடு வந்த அழகர்சாமியை உட்காரவைத்து டேலியாவையும் பாப்பியையும் காட்டினாள். “இந்த நீலம் புரை பண்ணது. இந்த மங்கல் நான் பண்ணது.”

அவர் வெகுநேரம் பார்த்தார். “நாலு வருசம் தெர்மாகோல் பிடிச்சிருக்கேன். வேணும்னுதான் இப்பிடி எடுக்குறேன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?”

“வாஸ்லின் டப்பா டப்பாவா வாங்கியாந்தது யாரு?”

“ஒதட்டுக்குன்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் போகவில்லை. “பலகைய எடுங்க. வெளிச்சம் போறதுக்குள்ள கீழ போவோம்.”

மறுநாள் காலையில் ஹால் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய் இரண்டு அட்டைகளையும் பிய்த்தாள். அழகர்சாமி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ஏறி டேலியாவைக் கழற்றினாள். வைத்தி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“மேடம், இன்விடேஷன்ல இருக்கறதே அந்தப் படம்தான். வரவா எல்லாம் அதைத்தான் கேப்பா. அட்டை வேண்டாம்னா வேண்டாம், தப்பு என்னுதுதான். படம் இருக்கட்டுமே.”

“அந்தப் படத்துல வெள்ளை தப்பு.”

“அது யாருக்குத் தெரியப்போறது?”

“எனக்குத் தெரியுது. இப்பதான் நல்லாத் தெரியுது.”

அதே ஆணியில், முந்தின சாயங்காலம் எடுத்து மார்க்கெட்டில் பிரிண்ட் போட்டு வாங்கி வந்த படத்தை மாட்டினாள். அதே பாத்தியில் பூத்த வேறொரு வெள்ளை டேலியா. உள்ளடுக்கில் ஒரே ஓர் இதழின் விளிம்பு மட்டும் கத்தியாக நிற்க, மற்றதெல்லாம் வெளிச்சத்தில் கரைந்திருந்தது. வைத்தி தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி அழகர்சாமியிடம் கேட்டார். “இதுவும் ஒரு மாதிரி மங்கலா இருக்கே சார். ஆபரேஷன் சரியா ஆகலையோ?”

“கண்ணு ஜோரா இருக்கு” என்றார் அழகர்சாமி. “அவ வேணும்னுதான் எடுத்தா. நான்தான் பலகை பிடிச்சேன்.”

கூட்டம் வரத் தொடங்கியது. அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படம் எங்கே என்று இரண்டு மூன்று பேர் தேடினார்கள். சால்வை போர்த்திய ஒரு பெண்மணி புது டேலியாவுக்கு முன்னால் வந்து நின்று, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துவிட்டுத் திரும்பினாள்.

“தோடா துந்த்லா ஹை நா?” கொஞ்சம் மங்கலாக இருக்கிறது இல்லையா என்று அவள் கேட்டது அம்சவேணியைத்தான்.

“ஹாங் ஜி, ஹை” என்று ஆமோதித்தாள் அம்சவேணி. படத்தின் பக்கத்திலிருந்து நகரவில்லை. அந்தப் பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை முனையால் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். மறுபடி கழற்றினாள். ஆவி ஊதி இன்னும் அழுத்தித் துடைத்து, இந்தத் தடவை படத்துக்கு மிக அருகே போனாள்.