வாசலில் எண்ணிய ஏழு நாள்

பாதாளச் சாக்கடைக்காக மேலப்பாளையத்தில் எங்கள் தெருவைத் தோண்டி இரண்டு மாதமாகிறது. நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரம்மா ஆசியா உம்மாள் தனியாக. எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. அவர் மகன் ரசீத் போன வாரம் சவூதியில் தம்மாமிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“கணேஷ்ராம், உம்மாவக் கேட்டா எல்லாம் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவாக. யாராவது வந்து பாக்குதாகளான்னு ஒரு வாரம் கவனிச்சுச் சொல்லு. யாரும் இல்லன்னா சென்னையில தங்கச்சி வீட்டுல கொண்டு விட்டுருதேன்.”

எனக்கு மாலை ஐந்தரைக்குத்தான் வகுப்பு. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து நாள், நேரம், ஆள் என்று மூன்று கட்டம் போட்டுக் குறித்தேன். பள்ளத்தின் மேல் போட்ட பலகையைத் தாண்டி ஏழு நாளில் வந்தவர் சிலிண்டர் போடுகிறவர் மட்டும். அவரைச் சேர்க்கலாமா என்று குழம்பி, அடைப்புக்குறிக்குள் எழுதினேன். படம் எடுத்து அனுப்பினேன். ரசீத் உடனே ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டார்.

இன்று காலை உம்மாள் கீழிருந்து கூப்பிட்டார்.

“ஏலே, எம்மவனுக்கு என்ன எழுதி அனுப்புன?”

கீழே இறங்கிப் போய் நோட்டைப் பார்த்து வாசித்தேன். அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஷஃபீகா சிரித்துவிட்டார்.

“தெனம் ரெண்டு தடவ வாரேன். நான் என்ன பூனையா தம்பி?”

“நான் பாக்கவே இல்லையேக்கா.”

“வாசல்ல காவல் இருந்தா ஆம்பளையதான் தெரிவாக,” என்றார் உம்மாள். “பொம்பளைய முடுக்கு வழியால்லா வருவோம்.”

பின்கதவைத் திறந்து காட்டினார். ஒரு ஆள் அகலச் சந்து, வரிசையாக ஒன்பது பின்கதவுகள். அங்கே யாரும் தோண்டவில்லை. ஒரு வருடமாக அதைச் சாக்கடைப் போக்கு என்று நினைத்திருக்கிறேன்.

அங்கேயே நின்று ரசீத்தை அழைத்தேன்.

“தப்பா எழுதிட்டேண்ணே. எல்லாரும் முடுக்கு வழியா வாராக.”

“அது இன்னுமா இருக்கு? பாத்ரூம் கட்டி அடச்சிருப்பாகன்னுல்லா நெனச்சேன். நீ பாத்தியா, இல்ல இதுவும் ஜன்னல்லருந்தா?”

“பின்கதவுல நிக்கேண்ணே.”

“உம்மாட்ட போனக் குடு.”

திரும்பினால் உம்மாள் இல்லை. நாலாவது வீட்டுக் கமர் நிஷாவுக்குக் காய்ச்சல், கஞ்சி கொண்டுபோயிருக்கிறார் என்றார் ஷஃபீகா. அப்படியே சொன்னேன்.

“அந்தக் காலோடயா?”

“செவுத்தப் பிடிச்சுக்கிட்டு பைய போயிருவாகளாம்.”

“தங்கச்சி வீடு மூணாவது மாடி,” என்றார் ரசீத். பிறகு, “டிக்கெட்ட ரத்து பண்ணிருதேன். நீயே சொல்லிரு.”

பெண்கள் நடக்கும் வழியில் நான் போகலாமா என்று தெரியவில்லை. பின்வாசல் படியில் நின்றபடியே, “உம்மா, சென்னைக்குப் போக வேண்டாமாம்!” என்று கத்தினேன்.

“பையச் சொல்லுல,” என்று உம்மாளின் குரல் வந்தது. “கமரு இப்பத்தான் கண்ணசந்திருக்கா.”