சொல்வங்கியில் கலகக்காரர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பாதுகாப்பு நிறுவனம் காவலாளிகளுக்கான பயிற்சிக் கையேட்டை எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது. ஊர்வலம், மறியல், கண்ணீர்ப்புகை என்று தெருப் போராட்டத்துக்கான ஆங்கிலச் சொற்கள் நூற்றைம்பது. எல்லாவற்றுக்கும் மலாய் வேண்டும். போராட்டக்காரருக்கு 'பெனுஞ்சுக் பெராசாஆன்' என்று போட்டேன். உணர்வை வெளிக்காட்டுகிறவர் என்று அர்த்தம். இவ்வளவு நீளமா என்று முகம் சுளித்த வாடிக்கையாளர், அதை அடித்துவிட்டு 'பெருசுஹ்' என்று எழுதினார். அதற்குக் கலகக்காரர் என்று அர்த்தம். அவர் கையேடு, அவர் பாடு என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தச் சொல்லை அலுவலகத்தின் பொதுச் சொல்வங்கியிலும் ஏற்றிவைத்தேன், மடையன். அங்கே ஏறிய சொல்லை அடுத்தடுத்து வரும் ஆவணங்களில் கணினியே நிரப்பிவிடும். பச்சை நிறத்தில் வரும். பச்சை என்றால் ஏற்கெனவே சரிபார்த்தது. எங்கள் தொழிலில் பச்சையை யாரும் திரும்பப் படிப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியம், எங்கள் கட்டடத்தைப் பெருக்கும் அக்கா துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார். கையில் மகளின் கல்லூரியிலிருந்து வந்த கடிதம்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. என்னன்னு கேட்டா அவ வாயே திறக்க மாட்டேங்குறா."

விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று அக்கா மகளோடு சேர்த்து எட்டு மாணவிகள் அட்டை பிடித்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் கல்லூரியை விட்டு நீக்கக் கூடாது என்று நாளை பத்து மணிக்கு விசாரணை. கூடவே காவலாளி ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையின் மலாய் மொழிபெயர்ப்பு.

"கலகம் பண்ணாங்கன்னு போட்டிருக்குக்கா."

"எந்தப் படுபாவி எழுதினான்? கொசு அடிக்கவே கை வராது அவளுக்கு!"

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கீழே மொழிபெயர்த்தவர் என்று என் முத்திரை.

"நான்தான்க்கா," என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடிதத்தை மடித்தபடியே, "நாளைக்கு வந்து சொல்வியா?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளியிடம் போனேன். கமா ஒன்று இடம் மாறினாலும் தூக்கம் வராதவர் என்பதால் அவருக்குக் 'கமா சார்' என்று பெயர்.

"தப்புன்னு எழுதிக் கொடுத்தா அந்தக் கல்லூரி இனிமே நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்குமாய்யா?" என்று கத்தினார். பிறகு காவலாளியின் ஆங்கில அறிக்கையை எங்கள் மொழிபெயர்ப்போடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் படித்தார். போராட்டக்காரர் என்றிருந்த இடமெல்லாம் கலகக்காரர். முகம் தொங்கிப்போனது. திருத்தக் கடிதத்தில் என் முத்திரைக்குப் பக்கத்தில் தன் முத்திரையையும் குத்தினார். "கொண்டு போ. நானும்தான் பச்சையைப் படிக்கல."

மறுநாள் விசாரணை அறையில் கல்லூரி அதிகாரிகள் மூன்று பேர். தவறு எப்படி நேர்ந்தது என்று மூன்று வருடக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். திருத்திய மொழிபெயர்ப்பைத் தலைவர் வாசித்தார். மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்கச் சொன்னதும் எழுந்து போனார்கள். அவ்வளவுதான் காவலாளி எழுதியிருந்தது. நீக்கம் கிடையாது, எச்சரிக்கைக் கடிதம் போதும் என்று முடித்துவிட்டார்கள்.

வெளியே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட மனசு. மகள் மட்டும் சுவரோரம் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எங்கம்மா உங்க ஆபீஸ்ல பெருக்குறதால உங்களுக்குத் தெரிஞ்சுது. மூணு வருஷத்துல இது வேற யார் யார் பேப்பருக்குப் போயிருக்கு?"

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன். சொல்வங்கியில் 'பெருசுஹ்' எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடினேன். நாற்பத்து மூன்று ஆவணங்கள். வாக்குமூலங்கள், பணிநீக்க உத்தரவுகள், எல்லாவற்றிலும் என் முத்திரை.

முதலாவதைத் திறந்தேன். சம்பள உயர்வு கேட்டுப் பணிமனை வாசலில் நின்ற ஒரு பேருந்து ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு. இரண்டரை வருடத்துக்கு முந்தையது. மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் என்ற கடைசி வரியை ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்திருந்தேன்.